போட்டோ புடிச்சா காசு பேரு சொல்ற ஆப்: ராம்நாடு கடக்கரைக்கு ஒத்து வருமா?

முதல்லயே ஸ்டார சொல்லிடுறேன், அஞ்சுக்கு ரெண்டரை. ரெண்டு ஸ்டார் வெள்ளக்காரன் காசுக்கு, மிச்ச அரை ஸ்டார் கேமரா பட்டுன்னு ஃபோக்கஸ் ஆகுறதுக்கு. மத்தபடி உச்சிப்புளி, பெருங்குளம், பெரியபட்டினம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் சொந்த நெலத்துல மெட்டல் டிடெக்டர் வச்சு தடவிப் பாக்குறவங்க யாராவது இருந்தா, வருஷ சந்தா கட்டுறதுக்கு முன்னாடி இத முழுசா படிச்சிருங்க. ஆப் பேரு போடல. பிளே ஸ்டோர்ல காயின்னு தட்டுனா வரிசையா வந்து நிக்கும், நான் ஆயிரத்துச் சொச்சம் கட்டுனது அதுல ஒண்ணு, ஓசியில கெடக்குறத வேற எறக்கிப் பாத்தாச்சு, எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்கதான்.

எதுக்கு வாங்குனேன்னு கேப்பீங்க. தோப்ப ஒட்டி சும்மா கெடந்த புஞ்சைல சீமைக்கருவேலத்த ஜேசிபி விட்டு வேரோட புடுங்குனோம், மண்ணு கீழது மேலயா பொரண்டு போச்சு, இரும்பும் பித்தளையுமா ஒவ்வொண்ணா எட்டிப் பாக்க ஆரம்பிச்சிருச்சு. சொட்டு நீர் பைப்போட வால்வு எங்க பொதஞ்சிருக்குன்னு தேட வாங்குன டிடெக்டர் ஒண்ணு ஏற்கனவே வீட்ல சும்மா கெடக்கு, அத தூக்கிட்டு எறங்குனா நாலு அடிக்கு ஒரு சத்தம். சத்தம் போடுறதோட மெஷின் வேலை முடிஞ்சுச்சு. வெளிய வந்தது காசா, ஆணியா, எந்த காலத்துது, அத யாரு சொல்றது? அங்கதான் இந்த ஆப் விளம்பரம் கண்ணுல பட்டுச்சு.

வேலை செய்யுற விதம் சுலுவுதான். முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம், அஞ்சாறு செகண்டு சுத்தும், அப்புறம் நாடு, வருஷம், உலோகம், எடை, கடைசியா பெரிய எழுத்துல மதிப்புன்னு ஒரு தொகை. அந்தத் தொகைய பத்தி பின்னாடி தனியா திட்டணும், இப்ப வேணாம்.

நல்லத மொதல்ல சொல்லிடணும்ல. இங்கிலீஷ் எழுத்தும் வருஷமும் இருக்குற காசுன்னா ஆப் கில்லி. 1835 காலணா, ஒரு பக்கம் ரெண்டு சிங்கம் கேடயத்த புடிச்சிட்டு நிக்கும், மறுபக்கம் எலை மாலைக்குள்ள ஒன் குவார்ட்டர் அணான்னு இருக்கும், அதுல பாதி எழுத்து அரிச்சுப் போயும் சரியா சொன்னுச்சு. விக்டோரியா தலை போட்ட காலணால குயின்னு இருந்தா 1876 வரைக்கும், எம்ப்ரஸ்னு இருந்தா 1877லேர்ந்து, அதையும் கரெக்டா பிரிக்குது. 1943லேர்ந்து 1947 வரைக்கும் அடிச்ச ஓட்டக் காலணாவ, மண்ணோட பாத்தா யாரா இருந்தாலும் வாஷர்னு தூக்கி எறிஞ்சிருப்பாங்க, ஆப் ஒடனே புடிச்சிருச்சு. அலுமினியத்துல வந்த அஞ்சு பைசா, பூ மாதிரி வெளிம்பு வச்ச பத்து பைசா, ஆறு மூலை இருபது பைசா இதுக்கெல்லாம் ஆப்பே தேவையில்ல, நம்ம வயசுக்காரங்க எல்லாம் அத குடுத்து முட்டாயி வாங்குனவங்கதான்.

கம்பெனி காலத்து மெட்ராஸ் காசுலயும் நல்லாவே பண்ணுது. 1803, 1808 வருஷம் போட்ட இருபது காசு, பத்து காசு செம்புக் காசு. இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கம் சோஹோ ஆலையில அடிச்சு கப்பல்ல இங்க வந்தது, ஒரு பக்கம் கம்பெனி சின்னம், மறுபக்கம் பாரசீகத்துல இருபது காசு நாலு ஃபலூஸ்னு எழுதிருக்கும். இதுல ஒரு சங்கதி, இந்தக் காசு ஏத்திட்டு வந்த அட்மிரல் கார்ட்னர்ங்கற கப்பல் 1809ல இங்கிலாந்து கரைய தாண்டுறதுக்குள்ளயே மணல்திட்டுல மாட்டி மூழ்கிருச்சு, பின்னாடி அதுலேர்ந்து மூட்டை மூட்டையா 1808 காசு எடுத்து வித்துட்டாங்க. அதனால பளபளன்னு 1808 காசு வெளிச்சந்தையில ஏகப்பட்டது கெடைக்கும், நம்ம மண்ணுல கெடந்து தேஞ்சதுக்கு பெருசா வெலை வராது. ஆப்ல இதெல்லாம் ஒரு வரி கெடையாது, தொகைய மட்டும் காட்டும்.

டச்சுக்காரன் காசும் அதே மாதிரிதான். 1658ல தூத்துக்குடி, நாகப்பட்டினம் ரெண்டயும் போர்ச்சுகீசியன்ட்டேர்ந்து புடிச்சவன் இந்தக் கரையெல்லாம் யாவாரம் பண்ணுனான்ல, டைட்ங்கற அவனோட செம்புக் காசுல ஒரு பக்கம் வி.ஓ.சி.ன்னு மூணு எழுத்தும் பின்னிக் கெடக்கும், கீழ 1700 சொச்சம் வருஷம் இருக்கும். நம்ம கப்பலோட்டுன வ.உ.சி. இல்லப்பா, டச்சு கம்பெனியோட எழுத்து அது, அந்தக் காசப் பாத்துட்டு மாமா ஒருத்தர் சுதந்திரப் போராட்டக் காசுன்னு அடிச்சு விட்டாரு. மறுபக்கத்து கேடயத்த பாத்தா எந்த மாகாணத்துல அடிச்சதுன்னு தெரியும். ஒத்தச் சிங்கம் நின்னா ஹாலந்து, அலைக்குள்ளேர்ந்து பாதி சிங்கம் எந்திரிச்சா ஜீலாந்து, ரெண்டு சிங்கம் ஒண்ணு மேல ஒண்ணு நடந்தா மேற்கு ஃப்ரீஸ்லாந்து. இத ஆப் சரியா சொன்னுச்சு, பாராட்டணும்.

அவ்வளவுதான் பாராட்டு.

இனிமே நம்ம காசு. இந்தக் கரை என்ன நேத்து வந்த கரையா, வைகை கடல்ல சேருற எடத்துகிட்ட அழகன்குளத்துல தொல்லியல் துறை தோண்டி ரோமக் காசே எடுத்துருக்கு, பெரியபட்டினத்துல சீனப் பீங்கான் ஓடு கெடைச்சிருக்கு. அப்படிப்பட்ட ஊருல செம்புக் காசுன்னா சோழன், பாண்டியன், சேதுபதி, யாழ்ப்பாணம், நாயக்கர் எல்லாம் கலந்துதான் வரும். இங்க வந்ததும் ஆப் மண்டையப் போட்டுருச்சு.

ராஜராஜன் பேர்ல வந்த செம்புக் காசு தெரியும்ல, ஒரு பக்கம் ஆளு நிப்பாரு, மறுபக்கம் உக்காந்திருப்பாரு, உக்காந்தவரு கைக்குப் பக்கத்துல நாகரி எழுத்துல ஸ்ரீ ராஜராஜன்னு மூணு வரியா இருக்கும். இதே அச்சு அசல்ல இலங்கை ராஜாக்களும் பின்னாடி அடிச்சாங்க, பராக்கிரமபாகு, நிஸ்ஸங்கமல்லன், ராணி லீலாவதி வரைக்கும். ரெண்டும் நாலு கிராம் சுத்துவட்டாரத்துலதான் இருக்கும், ஆளும் கிட்டத்தட்ட அதே குச்சி ஆளுதான், வித்தியாசம் அந்த எழுத்துல மட்டும். உப்பு மண்ணுல கெடந்து எழுத்து தேஞ்சு போச்சுன்னா கரை கண்ட ஆளே யோசிச்சுத்தான் சொல்லுவாரு. ஆப் யோசிக்கவே இல்ல, 98 சதவீதம் பராக்கிரமபாகுன்னு போட்டுச்சு. அதே காச வெளிச்சத்த சாச்சுப் புடிச்சு இன்னொரு படம் எடுத்துக் குடுத்தேன், இப்ப 96 சதவீதம் ராஜராஜன். தப்பா சொல்லுறது கூட பரவால்ல, எழுத்து தெரியல ரெண்டுல ஒண்ணா இருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அஞ்சு ஸ்டாரே குடுத்துருப்பேன், இந்த சதவீதத் திமிருதான் தாங்கல.

பாண்டியன் மீன் காசுக்கு வருவோம். ரெண்டு மீனு நடுவுல செண்டுக்கோலு நிக்கிற காசுல மறுபக்கம் தமிழ்லயே எழுதிருக்கும், சோணாடு கொண்டான்னு, எல்லாந்தலையானான்னு. சோணாடு கொண்டான்ங்கறது சோழநாட்ட புடிச்ச மாறவர்ம சுந்தரபாண்டியன் காலத்து வீறாப்பு, இந்தக் கையகலமில்லாத செம்புத் துண்டுல. ஆப்புக்கு தமிழ் எழுத்து சுத்தமா வராது, மீன் படம் போட்ட டோக்கன், எழுத்து அரபின்னு போட்டுருச்சு. பெருவழுதின்னு தமிழி எழுத்துல, அதான் பழைய தமிழ் பிராமில, பேரு போட்ட சங்ககாலப் பாண்டியன் காசு ஒண்ண காசு ஆராய்ச்சி பண்ணுன இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு சொன்னப்ப எத்தனை பேரு அசந்து போனாங்க, அவரு கையில லென்ஸும் எழுத்தறிவும்தான் இருந்துச்சு. அந்த எழுத்த படிக்கத் தெரியாத சாஃப்ட்வேருக்கு வருஷ சந்தா.

சேதுன்னு எழுதின காசு இன்னும் கூத்து. இந்த ஊருல சேதுன்னு பாத்தா ஒடனே நம்ம சேதுபதி மகாராஜான்னு கை தூக்கிருவோம், ஆனா ஒரு பக்கம் ஆளு, மறுபக்கம் படுத்த நந்தி, அதுக்குக் கீழ சேதுன்னு இருந்தா அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளோட காசுன்னுதான் ஆளுங்க பொதுவா சொல்றாங்க. ராம்நாடு சேதுபதிகளோட செம்புக் காசு வேற, சின்னச் சின்னதா, தடிப்பா இருக்கும். பாக்குநீரிணைக்கு ரெண்டு பக்கமும் ஆளும் காசும் போயிட்டு வந்துட்டுத்தானே இருந்துச்சு, அதனால எது வந்தாலும் ஆச்சரியமில்ல. ஆப் என்ன சொன்னுச்சுன்னா மைசூர், பதினெட்டாம் நூற்றாண்டு. சரிப்பா.

இப்ப அந்த மதிப்பு விஷயம். நாட்டுல அம்பது கடையில தட்டு தட்டா கெடக்குற 1835 காலணாவுக்கு இது காட்டுன தொகையப் பாத்துட்டு தோப்புல தண்ணி பாய்ச்ச வர்ற அண்ணன் ஒருத்தரு அன்னைக்கு தூங்கவே இல்ல. எந்த நெலமையில இருக்குற காசுக்கு அந்த வெலைங்கறத ஓரத்துல பொடி எழுத்துல போட்டிருக்கான், யாரு பாப்பா. அதவிட மோசம், ராமர் பட்டாபிஷேகம், ஹனுமான், தாமரையெல்லாம் போட்டு கிழக்கிந்தியக் கம்பெனி 1818 அரை அணான்னு திருவிழாக் கடையில விக்கிறாங்களே, யூ.கே.எல்.ன்னு எழுத்து கூட இருக்கும், அது கம்பெனி அடிச்ச காசே இல்ல. கம்பெனி ஒரு நாளும் ராமர் படம் போட்டு அரை அணா விட்டதில்ல, 1616, 1717னு வருஷம் போட்டும் இதே சரக்கு சுத்துது. இத ஆப்ல காட்டுனா கம்பெனி காசு, அரிதுன்னு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுது. இந்தச் சரக்கத்தான் அரிசிய இழுக்கும், இரிடியம் இருக்கு, கோடிக்கு எடுப்பாங்கன்னு ரைஸ் புல்லிங் கோஷ்டி கொண்டு சுத்தி நம்ம மாவட்டத்துலயும் எத்தனை குடும்பத்த தெருவுல நிறுத்துச்சு. ஆப் அவனுங்களுக்கு சர்டிபிகேட் அடிச்சுக் குடுக்குது, இதுக்கு மட்டுமே நான் ஒரு ஸ்டாரு கொறைச்சேன்.

கமெண்ட்ல கேக்கப் போறீங்க, பின்ன எத வச்சுத்தான் பாக்குறதுன்னு. சொல்றேன். சந்தாக் காசுல பாதிக்கும் கொறைவா ஆகும். நகைக்கடை மாடல் குட்டி டிஜிட்டல் தராசு, புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எடம் காட்டுறது, பத்து மடங்கு லென்ஸ், பிளாஸ்டிக் வெர்னியர், பழைய ஸ்பீக்கர்லேர்ந்து கழட்டுன காந்தம். காந்தத்த மொதல்ல வைங்க. ஒட்டுச்சுன்னா அது சோழனும் இல்ல பாண்டியனும் இல்ல. பெரும்பாலும் 1988க்கு அப்புறம் வந்த ஸ்டீல் காசு, காண்டாமிருகம் போட்ட நாலணா அந்த மாதிரி. இன்னொண்ணு நிக்கல் காசு, 1947ல புலி போட்டு வந்த ரூவா மாதிரி, அதுவும் ஒட்டும்.

அப்புறம் எடை. காலணா 1906 வரைக்கும் செம்பு, ஆறரை கிராம் கிட்ட நிக்கும், அதே வருஷம் வெண்கலத்துக்கு மாத்துனாங்க, அஞ்சு கிராமுக்கு கீழ எறங்கிருச்சு. வருஷம் தேஞ்சு போன காசுக்கு இது ஒண்ணே போதும். ஓட்டக் காலணா ரெண்டு கிராம் வரும். வெள்ளி ரூவா 11.66 கிராம், அது ஒரு தோலா, அந்தக் காலத்துல தட்டான் கடையில அதையே எடைக்கல்லா போட்டு நிறுத்தாங்க. மண்ணுல கெடந்து தேஞ்சா கொஞ்சம் கொறையும், கூடுனா சந்தேகப்படுங்க.

வெள்ளியா இல்ல ஜெர்மன் சில்வரான்னு பாக்க ஒரு வேலை இருக்கு, இத எல்லாரும் கத்து வச்சுக்கணும். தராசு மேல டம்ளர்ல பாதித் தண்ணி வச்சு சைபர் ஆக்கிருங்க. காச நூலுல கட்டி தண்ணிக்குள்ள எறக்குங்க, அடியிலயும் பக்கத்துலயும் படக்கூடாது, தொங்கணும். இப்ப தராசு காட்டுற எண்ண காசோட எடைக்கு கீழ வச்சு வகுத்துருங்க. 1939 வரைக்கும் உள்ள நல்ல வெள்ளி ரூவான்னா பத்துக்கு மேல, பத்தேகால் பத்தரைக்குள்ள வரும், டூப்புன்னா ஒம்பதுக்கு கீழ எறங்கிரும். செம்பு ஒம்பது கிட்ட, ஈயம் பதினொண்ணு சொச்சம். 1940லேர்ந்து வெள்ளிய பாதியா கொறைச்சுட்டாங்க, அதனால அந்த ரூவாய்க்கு கணக்கு கீழதான் வரும், டூப்புன்னு தூக்கிப் போட்டுறாதீங்க. டம்ளர் தண்ணி செஞ்ச வேலைய ஆப் எந்தக் காலத்துலயும் செய்ய முடியாது, படத்துல எடை தெரியாதுல்ல.

அடுத்தது படம் தெளிவா இல்ல, காச சுத்தம் செஞ்சு மறுபடி எடுங்கன்னு ஆப் சொல்லுது பாருங்க, அத மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க. நம்ம வீட்டுல சுத்தம்னா என்ன, புளியப் போட்டு தேய்க்கிறது, இல்ல எலுமிச்சை உப்பு. குத்துவெளக்குக்கு சரி. செம்புக் காசு மேல இருக்குற பச்சைத் தோலுதான் அதோட எழுத்த இத்தன காலம் காப்பாத்திட்டு வந்துருக்கு, புளி அதோட சேத்து ராஜராஜனையும் தின்னுட்டுப் போயிரும். கடக்கரை மண்ணுல இன்னொரு தொல்லை, உப்புல உள்ள குளோரைடு செம்புக்குள்ள போயி உக்காந்துக்கும், வெளிய எடுத்து வச்சப்புறம் மழைக்காலத்து ஈரத்துல வெளிர்பச்சையா மாவு பூக்கும், கிள்ளுனா பொடியா கொட்டும். அத வெண்கல நோய்னு சொல்லுவாங்க. அந்த மாதிரி காச தனியா வைங்க, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப் போட்டு தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க, அப்புறம் நல்லா காய வச்சு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பாவுல மூடிருங்க. பல்லு குத்துற குச்சி தவிர வேற எதுவும் காசு மேல படக்கூடாது.

சரி, காச விடுங்க. நெலத்துல வர்றதுல பெரும்பாலும் காசே கெடையாதுல்ல, இரும்புச் சாமான்தான். அதுக்கும் இந்த ஆப்ல பழம்பொருள்னு ஒரு பகுதி, அதுக்கு தனியா காசு. சிரிச்சு வயிறு வலிச்சதுதான் மிச்சம்.

மாட்டு லாடம் காட்டுனேன். மாட்டுக்கு குளம்பு பிளந்து இருக்கும், அதனால ஒரு காலுக்கு ரெண்டு தகடு, மாங்காக் கீத்து மாதிரி வளைஞ்சு ஓரத்துல ஆணி ஓட்டையோட, ஒரு மாட்டுக்கு எட்டு. குதிரை லாடம்தான் ஒத்தையா வளைஞ்சு இருக்கும். ஆப் இத பழங்கால அருவாள்னு சொன்னுச்சு. மாட்டுக் கொம்பு நுனியில மாட்டுற பித்தளைக் குப்பிய தையக்காரர் விரல்ல போடுற உறைன்னு சொன்னுச்சு, எந்த தையக்காரருக்குய்யா அவ்ளோ நீள விரலு. கலப்பைக் கொழு முழுசா துருப்புடிச்சு கூரா நின்னுச்சு, அத ஈட்டி முனைன்னு சொல்லி நூற்றாண்டு வேற போட்டுருச்சு. வண்டிச் சக்கரத்துக் கடையாணிய, தலை தடிச்சு கீழ ஒடுங்குற அந்த இரும்பத்தான், ரயில்ரோட்டு ஆணின்னுச்சு, போகட்டும் தனுஷ்கோடி பக்கத்துல இருக்கோம்ல அந்தக் கணக்குல சொல்லிருக்கும்.

இதுக்கெல்லாம் எனக்கு தெரிஞ்ச நல்ல ஆப் கீழக்கரை ரோட்டுல பழைய இரும்புக்கடை வச்சிருக்குற காக்காதான், எங்க பக்கம் முஸ்லிம் அண்ணன்மார அப்படித்தான் கூப்புடுவோம். கையில வாங்கி ஒரு தூக்கு தூக்குவாரு, நகத்தால சொரண்டுவாரு, அவ்வளவுதான். லாடத்த காட்டுனப்ப, "என்னா வாப்பா, லாடத்துக்கா போய் படம் புடிச்சுக்கிட்டு நிக்கிற, சந்தையில மாடு கட்டுறவன்ட்ட கேட்டா வெத்தலை துப்பிக்கிட்டே சொல்லிருப்பான்"ன்னாரு. பட்டறையில அடிச்ச இரும்பா, ஆலையில ஊத்துன இரும்பான்னு அவரு ஒடச்ச எடத்தப் பாத்தே சொல்லிருவாரு. அடிச்ச இரும்பு துருப்புடிச்சா நார் நாரா வரி வரியா உரியும், வார்ப்பு இரும்பு ஒடஞ்ச எடத்துல கரகரன்னு மணல் மணலா இருக்கும். கையால அடிச்ச பழைய ஆணிக்கு தண்டு சதுரமா இருக்கும், தலை ஒரு பக்கம் கோணிக்கிட்டு நிக்கும், உருண்டைத் தண்டுன்னா அது மில்லு கம்பி ஆணி, அதுக்கு வயசு கம்மி.

கெணத்து மேட்டுப் பக்கம் தோண்டுனப்ப அகலமா ஒரு இரும்பு வளையப் பட்டை வந்துச்சு, ஆப் அத ஐரோப்பிய ஒயின் பீப்பாய் வளையம்னுச்சு. எங்க அப்பத்தா திண்ணையில உக்காந்தே பாத்துட்டு, "ஏன்டா, இது கமலைக் கூனையோட வாய்ப்பட்டைடா, தாத்தா காலத்துல கெணத்துத் தண்ணி எறைச்சது, கீழ தோலு வாலு தொங்கும், ரெண்டு மாடு சரிவுல எறங்குனா தண்ணி தானா கொட்டும்"ன்னு சொன்னுச்சு. அது சொன்னப்புறம் தேடிப் பாத்தா பக்கத்துலயே கப்பியோட அச்சும் கெடக்கு. ஒத்தச் சாமான வச்சு சொல்ல முடியாதது பக்கத்துல என்ன கெடக்குதுங்கறத வச்சு தெரிஞ்சுருது, அதனால எடுத்த எடத்த ஒரு நோட்டுல குறிச்சு வைங்க, எத்தன அடி ஆழம், பக்கத்துல என்ன, ஓடு இருந்துச்சா, கரி இருந்துச்சா. ஆப் கேக்குறது ரெண்டு படம் மட்டும்.

கடலுக்கு கிட்ட நெலம் வச்சிருக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், ஈயம். டிடெக்டர்ல ஈயக்குண்டு காசு மாதிரியே நல்ல சத்தம் குடுக்கும், ஆசையா தோண்டுவீங்க. ஆப் அத துப்பாக்கிக் குண்டுன்னு சொல்லும், ஒடனே கட்டபொம்மன், வெள்ளக்காரன், பீரங்கின்னு கதை ஓடும். உத்துப் பாருங்க, நடுவுல ஓட்டை இருந்தா, இல்ல தகட்ட சுருட்டி கயித்துல இறுக்குன மாதிரி இருந்தா அது வலைக்கு கட்டுற ஈயம். அச்சுல வார்த்த குண்டுக்கு ஓட்டை இருக்காது, நடுவுல மெல்லிசா ஒரு கோடு ஓடும். வலைக்காரர் தெருவுல கொண்டு காட்டுனா எந்த வலையோடதுன்னே சொல்லிருவாங்க. ஈயத்து மேல வெள்ளையா பொடி இருக்கும், அது வெஷம், கை கழுவாம சோத்துல கை வைக்காதீங்க, புள்ளைங்கட்ட விளையாடக் குடுக்காதீங்க.

டிடெக்டர் பத்தி பெருசா சொல்ல இல்ல. எங்கிட்ட இருக்குறது ஒத்த அலைவரிசையில ஓடுற சாதா மெஷின், தோப்புல காஞ்ச மணல்ல நல்லா ஓடுது, கடல்தண்ணி ஊறுன ஈர மணல்ல வச்சா உப்புக்கே கத்து கத்துன்னு கத்தும். சென்சிட்டிவிட்டிய கொறைச்சா கொஞ்சம் அடங்கும், ஆழமும் கொறைஞ்சிரும். ஈர மணல் ஓடணும்னா பல அலைவரிசை மெஷின் வேணும், அது வெலை வேற. அதுவும் உச்சிப்புளில நேவி விமானதளம் இருக்கு, மண்டபத்துல கோஸ்ட் கார்டு இருக்கு, மெஷின தூக்கிட்டு கடக்கரையில திரிஞ்சா கூப்புட்டு உக்கார வச்சிருவாங்க, நமக்கெதுக்கு.

ஆப்ல கண்டெடுத்த எடத்த மேப்ல போடுங்க, மத்தவங்களோட பகிருங்கன்னு ஒரு பட்டன் இருக்கு, டீஃபால்ட்டா ஆன்ல இருக்கும், மொத வேலையா ஆஃப் பண்ணுங்க. நம்ம நாட்டு சட்டம் வேற. 1878 புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ள மறைஞ்சு கெடந்து பத்து ரூவாய்க்கு மேல மதிப்புள்ளது எது கெடைச்சாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும், சொந்த நெலமா இருந்தாலும்தான். நூறு வருஷத்துக்கு மேல ஆன பொருள வெளிநாட்டுக்கு விக்கிறது 1972 சட்டப்படி குத்தம், ஆப்ல இருந்து ஒரு வெளிநாட்டுக்காரன் மெசேஜ் போட்டு கேட்டான், ஆசை காட்டுவான், பதில் போடாதீங்க. அழகன்குளம் மேடு மாதிரி எடத்துலயோ, பழைய கோயில், கோட்டை பக்கத்துலயோ, மன்னார் வளைகுடா தீவுங்கள்லயோ மெஷின கொண்டு போகவே கூடாது, அங்க தோண்டுற ஒவ்வொரு குழியும் தொல்லியல்காரங்க படிக்க வேண்டிய ஒரு பக்கத்த கிழிக்கிறதுதான். நான் பழசா வந்தத படத்தோட எழுதி வி.ஏ.ஓ. மூலமா குடுத்துட்டு நகல்ல கையெழுத்தும் வாங்கி வச்சுட்டுத்தான் இத எழுதுறேன், ஒரு வெள்ளத் தாளு செலவு, நிம்மதியா இருக்கு.

யாருக்கு இந்த ஆப் ஆகும்னா, தாத்தா பெட்டியில பிரிட்டிஷ் காலத்து அணாவும் வெளிநாட்டுக் காசும் கலந்து கெடக்கு, பிரிச்சு அடுக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு தாராளமா ஆகும், அதுக்கும் மூணு நாள் ஓசி டிரையலே போதும், ஒரே மூச்சுல எல்லாத்தையும் படம் புடிச்சு முடிச்சிருங்க. வெளிநாடு போயி சம்பாதிச்ச சபுராளி காக்காமாரு வீட்டுல மலாயா, சிலோன் காசு டப்பா டப்பாவா இருக்கும், அதுல ஆப் ஒண்ணு கூட தப்பா சொல்லல. மண்ணுலேர்ந்து எடுக்குற சாமானுக்கு வேணாம்.

டிரையல் போடுறவங்க ஒண்ண கவனிங்க, ஆப்ப அழிச்சுட்டா சந்தா நின்னுரும்னு நெனைக்காதீங்க, நிக்காது. பிளே ஸ்டோர்ல உங்க படத்த தட்டி பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்குள்ள போயி கேன்சல் குடுத்தாத்தான் நிக்கும், டிரையல் முடியுறதுக்கு முந்துன நாளே குடுத்துருங்க. கேன்சல் குடுத்தப்புறமும் டிரையல் நாள் முடியுற வரைக்கும் ஆப் ஓடும்.